கொஞ்சம் குரலைக் குறைங்களேன்

டெல்லி இந்தியா கேட் பக்கத்துல 2019-ல திறந்த தேசியப் போர் நினைவிடத்துக்குப் போயிருந்தேன். சக்கரவியூகம் மாதிரி வளைஞ்சு போற தியாகச் சக்கரச் சுவர்கள். ஒவ்வொரு கிரானைட் கல்லும் ஒரு வீரர். 25,000-க்கும் மேல பெயர்கள், தங்க எழுத்துல.

அந்தச் சுவர்ல சாய்ஞ்சு நின்னு ரீல்ஸ் எடுக்குது ஒரு கூட்டம். ஸ்பீக்கர்ல பாட்டு. சரியா வரலையாம், அதே பத்து வினாடி திரும்பத் திரும்ப ஓடுது. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

பக்கத்துல ஒரு வயசான அம்மா, முந்தானையால ஒரு கல்லைத் துடைச்சுட்டு, எழுத்து எழுத்தா விரலால தடவிட்டு நின்னாங்க. மகனோ, புருஷனோ, கேட்க மனசு வரலை. "ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளுங்க, ஃபிரேம்ல வர்றீங்க"ன்னு ஒரு பையன் இந்தியில சொல்றான். அவங்க ஒண்ணும் பேசாம நகர்ந்தாங்க.

போட்டோ எடுங்க, வேணாம்னு சொல்லலை. நானும்தான் எடுத்தேன். ஆனா அந்தப் பாட்டை நிறுத்தக்கூடாதா? நாலு பெயரையாவது நின்னு வாசிக்கக்கூடாதா? அந்த அம்மாவுக்கு அந்த ஒரு கல்லுதானே இருக்கு, அங்கயிருந்து எங்கே தள்ளிப் போவாங்க?