காலியிடம் இருக்கிறது என்பதற்காகவே ஒரு வேலைக்குப் பயிற்சி தர வேண்டுமா?

அரசுப் பணத்தில் நடக்கும் குறுகிய காலத் திறன் பயிற்சிகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் பயிற்சி மையங்களின் தில்லுமுல்லுகளே முன்னால் வந்து நிற்கின்றன. வராத மாணவனுக்கு வருகைப்பதிவு போடுவது, ஒரே புகைப்படத்தைப் பல பெயர்களில் ஏற்றுவது, பூட்டிக் கிடக்கும் மையத்தின் பெயரில் பணம் வாங்குவது ஆகியவை தண்டிக்கப்பட வேண்டியவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் திருச்சிப் பக்கத்தில் ஏழெட்டு ஆண்டுகள் இத்தகைய மையங்களில் வேலைவாய்ப்பு அலுவலராக இருந்த எனக்கு வேறொரு குறை உண்டு. ஆசிரியர் ஒழுங்காக வந்து, பிள்ளைகளும் ஒழுங்காக வந்து, தேர்வும் முறையாக நடந்து, சான்றிதழும் கைக்கு வந்த பிறகு, அதை எதற்காக வாங்கினோம் என்று யாருக்கும் விளங்காமல் போன பேட்ச்சுகளைப் பார்த்திருக்கிறேன். எந்தெந்தத் தொழிலுக்கு அரசு பயிற்சிக் கட்டணம் தரும் என்று முடிவான அன்றைக்கே அந்தப் பிள்ளைகளின் மூன்று மாதம் வீணாகிவிட்டது என்பதே என் எண்ணம்.

ஒரு தொழில் அந்தப் பட்டியலுக்குள் எப்படி வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2013 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிலையை வகுக்கிறது. தொழில்துறையினர் இடம்பெற்றுள்ள துறைத் திறன் குழுமங்கள் அந்த வேலைக்கான தரத்தை எழுதுகின்றன. 2015 ஜூலையில் தொடங்கிய பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டம் போன்றவை அவற்றிலிருந்து தெரிவு செய்து மணிக்கணக்கில் பணம் தருகின்றன. மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையில் ஒரு திறன் குழுவும் உண்டு. உள்ளூர்த் தேவையை அறிந்து சொல்வது அதன் பொறுப்பு. குழுமங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன, அவற்றை 21 ஆகக் குறைக்கலாம் என்று 2016இல் அமைக்கப்பட்ட சாரதா பிரசாத் குழு பரிந்துரைத்ததை அறிந்தவர்கள் அறிவார்கள். ஆனாலும், தொழில்துறையே தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லும்போது அதைவிடச் சரியான வழி வேறென்ன இருக்க முடியும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

தொழில்துறை சொல்வது தன் காலியிடங்களை மட்டுமே என்பது எனக்கு உறைக்கச் சில ஆண்டுகள் ஆயின. ஒரு வேலையில் ஆள் கிடைக்காமல் இருப்பதற்கும் ஆள் நிற்காமல் இருப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஜவுளிக்கடை விற்பனை உதவியாளர் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மாதம் கணக்கெடுத்தாலும் அந்த வேலைக்கு ஆள் தேவை என்றே பதில் வரும். ஆகவே எந்தப் பட்டியலிலும் அது இடம்பிடித்துவிடும். அங்கே ஏன் எப்போதும் காலியிடம் இருக்கிறது என்பதற்கான காரணத்தை அறிய ஆய்வு எதுவும் தேவையில்லை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தவேண்டி வந்தது என்ற ஒரே செய்தி போதும். காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே இருக்க முடியாமல் போகிறவனுக்கு, வாடிக்கையாளரை வரவேற்பது எப்படி என்று அரசு செலவில் மூன்று மாதம் சொல்லிக்கொடுத்து என்ன பயன்? நான் வேலையில் சேர்த்துவிட்ட ஒரு பையன் நாற்பதாவது நாள் திரும்பி வந்து, பழையபடி பந்தல் போடும் வேலைக்கே போகப்போவதாகச் சொன்னான். காரணம் கேட்டேன். “கடையில நிக்கிறதுக்குப் படிக்கவே வேணாம் சார், கால்ல தெம்பு இருந்தா போதும்” என்றான். அந்த ஒரு வாக்கியத்தில் அந்தப் பயிற்சியின் மதிப்பீடு முழுவதும் அடங்கியிருந்தது. அவனுடைய பெயர் எங்கள் கணக்கில் வேலை பெற்றவர்களின் வரிசையில்தான் இருந்தது.

ஆட்கள் அடிக்கடி விட்டுப் போகும் வேலைகள் இப்படித் ‘தேவை மிகுந்தவை’ என்ற பெயரோடு பட்டியலின் மேலே ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. அவற்றுக்குப் பயிற்சி தருவது, சம்பளத்தையும் நிலைமையையும் சரிசெய்ய மனமில்லாத முதலாளிக்கு அரசே ஆள் திரட்டிக் கொடுக்கும் வேலையாகிவிடுகிறது.

இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. பட்டியலில் நல்ல தொழில்கள் இல்லாமல் இல்லை. ஆனால் பட்டியல் மிக நீளமானது. அதிலிருந்து எதை நடத்துவது என்பதை மையம் தன் செலவுக் கணக்கைப் பார்த்தே முடிவு செய்கிறது. 2015இல் வந்த பொது விதிமுறைகளின்படி ஒரு மாணவருக்கு ஒரு மணி நேரத்துக்கு முதல் வகைத் தொழில்களுக்கு 38.50 ரூபாய், இரண்டாம் வகைக்கு 33 ரூபாய், மூன்றாம் வகைக்கு 27.50 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். பின்னர் இத்தொகைகள் உயர்த்தப்பட்டன. முந்நூறு மணி நேரப் பயிற்சிக்குக் கணக்கிட்டால், கருவிச் செலவு மிகுந்த முதல் வகைக்கு 11,550 ரூபாய், செலவு குறைந்த மூன்றாம் வகைக்கு 8,250 ரூபாய். இடையில் உள்ள 3,300 ரூபாயில்தான் வெல்டிங் மெஷின், ராடு, பிளேட், கையுறை, முகக்கவசம், கரன்ட் பில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெல்டிங் கற்க ராடு எரிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. தட்டையாகக் கிடக்கும் பிளேட்டில் நேர்கோடு போடப் பழகி, பிறகு இரண்டு பிளேட்டைச் சேர்த்து, பிறகு நிமிர்த்தி வைத்து, பிறகு தலைக்கு மேலே வைத்து என்று படிப்படியாகப் போய், சாய்ந்து நிற்கும் குழாயைச் சுற்றி வெல்டு போடும் 6ஜி நிலைக்கு வந்து, அது எக்ஸ்ரேயில் தேறினால்தான் அவனை வெல்டர் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். நான் இருந்த ஒரு மையத்தில் ஒரு மாணவனுக்கு ஒரு நாளைக்கு இத்தனை ராடு என்று எண்ணிக் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் வெல்டு போட்டு முடித்த பிளேட்டைக் கிரைண்டரால் அறுத்து, அறுத்த விளிம்பில் மறுபடி போடச் சொல்வார்கள். கடைசி வாரங்களில் அந்தப் பிளேட்டுகள் உள்ளங்கை அளவுக்குச் சிறுத்துவிடும். பக்கத்து அறையில் இருபது கணினிகளோடு நடந்த டேட்டா என்ட்ரி வகுப்புக்கு நாற்காலியும் மின்சாரமும் போதுமானவையாக இருந்தன. அடுத்த ஆண்டு எந்த வகுப்பு நின்றது, எந்த வகுப்பு இரண்டு பேட்ச்சாகப் பெருகியது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். நிர்வாகியை நான் குறைசொல்ல மாட்டேன். தொழிலுக்கு ஆகும் உண்மையான செலவைக் கணக்கில் கொள்ளாமல் மணிக்கு இவ்வளவு என்று விலை வைக்கும்போது, அந்த விலைதான் உண்மையான பட்டியலாகிவிடுகிறது.

வெல்டிங் என்றதும் அது என்றைக்கும் நல்ல தெரிவு என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். திருவெறும்பூரில் பொதுத்துறை நிறுவனமான பெல்லின் (BHEL) பாய்லர் ஆலை 1960களில் வந்த பிறகு துவாக்குடி, மாத்தூர் வட்டாரத்தில் அதை நம்பியே நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் முளைத்தன. நல்ல வெல்டருக்கு அங்கே மரியாதையே தனி. அனல்மின் நிலைய ஆர்டர்கள் குறைந்த ஆண்டுகளில் அதே சாலையில் பட்டறைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கின, கைதேர்ந்த வெல்டர்கள் வளைகுடாவுக்கும் சென்னைப் பக்கத்துக்கும் போனார்கள், சிலர் ஷேர் ஆட்டோ ஓட்டினார்கள். அந்த ஆண்டுகளிலும் வெல்டர் பற்றாக்குறை என்ற பேச்சு நாட்டளவில் இருந்துகொண்டுதான் இருந்தது. டெல்லியில் உண்மையாக இருக்கும் ஒரு தேவை துவாக்குடியில் பொய்யாக இருக்கலாம். சென்ற ஆண்டு உண்மையாக இருந்தது இந்த ஆண்டு பொய்யாகலாம். 2021 ஜூனில் கொரோனா முன்களப் பணிக்கென்று ஆறு வேலைகளைத் தெரிந்தெடுத்து ஒரு லட்சம் பேருக்கு விரைவுப் பயிற்சி அறிவித்தார்கள். அந்த நேரத்தில் அது தேவையான தெரிவு என்பதே என் கருத்து. மாதிரி சேகரிப்பவருக்கு அலை ஓய்ந்த பிறகு என்ன வேலை என்ற கேள்வியையும் அப்போதே கேட்டிருக்க வேண்டும். ஒரு தொழிலைப் பட்டியலில் சேர்க்கும்போதே அது எந்த மாவட்டத்துக்கு, எந்தத் தேதி வரை என்று எழுதிவிட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

சில தொழில்களுக்குச் சான்றிதழைத் தாண்டி இன்னொரு கதவு இருக்கிறது. லாரி, பேருந்து போன்ற கனரக வணிக வாகன ஓட்டுநராக வேண்டுமானால், மோட்டார் வாகனச் சட்டப்படி இலகுரக வாகன உரிமம் பெற்று ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி தொலைநிலை விமானிச் சான்றிதழ் பெற விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த பயிற்சி நிறுவனத்தில் கற்றிருக்க வேண்டும். மின் கம்பியாள் வேலைக்கும் தனி உரிம நடைமுறை உண்டு. இந்தக் கதவைத் திறக்காத பயிற்சியை வைத்துக்கொண்டு பிள்ளைகள் என்ன செய்வார்கள்? 2023ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் டிரோன், ரோபோட்டிக்ஸ், செயற்கை நுண்ணறிவு, முப்பரிமாண அச்சு என்று புதிய பெயர்களை வாசித்தபோது மேசையைத் தட்டியவர்கள் யாரும் இதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

நான் தவறாகக் கணித்த ஒரு தொழிலையும் சொல்லியாக வேண்டும். பெண்களைச் சேர்க்க வேண்டுமா, தையலும் அழகுக்கலையும் போதும் என்று எல்லா மையங்களும் முடிவு செய்திருப்பது எனக்கு எரிச்சலூட்டும். சுயதொழில் தையலர் என்ற பயிற்சியை எண்ணிக்கைக்காக நடத்தப்படும் வகுப்பு என்றே நினைத்திருந்தேன். மாமியாருக்கு முடியவில்லை, பிள்ளை சிறியது, வீட்டை விட்டு எட்டு மணி நேரம் போக இயலாது என்ற நிலையிலிருந்த ஒரு பெண் அந்த வகுப்பில் படித்தார். மையத்தில் கற்றுக்கொடுத்தது பாவாடைக்கும் தலையணை உறைக்கும் மேலே போகவில்லை. அவர் தெருவில் இருந்த வயதான தையற்காரரிடம் ஆறு மாதம் காஜா எடுத்துக் கொடுத்து, லைனிங் ரவிக்கைக்குக் கட்டிங் போடக் கற்றுக்கொண்டார். இன்று தீபாவளிக்கு இருபது நாள் இருக்கும்போதே, தைக்கப் புதுத் துணி வாங்கிக்கொள்வதை நிறுத்திவிடுகிறார்; அவ்வளவு வேலை. சம்பளச் சீட்டு இல்லாததால் எங்கள் கணக்கில் அவருக்கு வேலை கிடைக்கவில்லை என்றே பதிவாகியிருக்கிறது. பந்தல் போடும் பையனுக்கு வேலை கிடைத்திருக்கிறது, இவருக்குக் கிடைக்கவில்லை. இத்தகைய கணக்கை வைத்துக்கொண்டு அடுத்த பட்டியலைத் தயாரித்தால் அது எந்த அழகில் இருக்கும்!

2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் குறுகிய காலப் பயிற்சியும் சிறப்புத் திட்டங்களும் முடித்துச் சான்றிதழ் பெற்றவர்களில் 41 சதவீதம் பேருக்கே வேலை கிடைத்ததாகச் சொன்னது. பயனாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வங்கிக் கணக்கு விவரம் வெறுமையாகவோ பொருளற்ற எண்களாகவோ இருந்ததையும் அது காட்டியது. ஆளையே அடையாளம் காண முடியாதபோது அவருடைய சம்பளம் உயர்ந்ததா என்று எதை வைத்துப் பார்ப்பது? திட்டத்தின் நான்காம் கட்டத்தில் வேலைவாய்ப்பைக் கண்காணிப்பதையே விட்டுவிட்டார்கள். அவரவர் பாதையை அவரவர் தெரிந்துகொள்ள வலுவூட்டுவதே நோக்கம் என்பது அதற்குத் தரப்படும் விளக்கம்.

ஒப்பிட ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம், எட்டு முதல் பதினைந்து வாரங்களுக்குள் முடியும் தொழிற்பயிற்சிகளுக்கும், வசதி குறைந்த மாணவர்களுக்கு அந்நாட்டு அரசு தரும் பெல் (Pell) உதவித்தொகையை 2026 ஜூலை முதல் நீட்டிக்கிறது. எந்தத் தொழில்கள் தகுதியானவை என்பதை மாநில ஆளுநர் முடிவு செய்வார். ஆனால் பயிற்சி ஏற்கெனவே ஓராண்டாவது நடந்திருக்க வேண்டும், சேர்ந்தவர்களில் 70 சதவீதம் பேர் முடித்திருக்க வேண்டும், முடித்தவர்களில் 70 சதவீதம் பேர் வேலையில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முடித்தவர்களின் வருமானத்திலிருந்து வறுமைக்கோட்டின் ஒன்றரை மடங்கைக் கழித்து வரும் தொகைக்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது. அந்த நாட்டைப் பார்த்து நாம் அப்படியே நகலெடுக்க வேண்டியதில்லை. அங்கும் முதியோர் பராமரிப்பு போன்ற சம்பளம் குறைந்த, ஆனால் சமூகத்துக்கு இன்றியமையாத வேலைகள் இந்த வடிகட்டியில் சிக்கி வெளியே போய்விடும் ஆபத்து உண்டு. ஆனாலும் தொழிலைத் தெரிந்தெடுக்கும் இடத்திலேயே சம்பளம் என்ற சொல் வந்துவிடுகிறது. நம்முடைய படிவங்களில் அந்தச் சொல்லைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஒரு மாவட்டத்தில், பெயர் வேண்டாம், திறன் தேவையைக் கணக்கெடுக்க நிறுவனங்களையும் மையங்களையும் கூட்டியிருந்தார்கள். ஆளுக்கொரு படிவம் தந்தார்கள். வேலையின் பெயர், தேவைப்படும் ஆட்களின் எண்ணிக்கை என்று இரண்டே கட்டங்கள். சென்ற ஆண்டு அந்த வேலையில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் இன்றும் இருக்கிறார்கள், முதல் மாதச் சம்பளம் எவ்வளவு, இந்தச் சான்றிதழ் உள்ளவருக்குக் கூடுதலாக எவ்வளவு தருவீர்கள் என்று இன்னும் நான்கு கட்டங்கள் போட்டிருந்தால் அன்றைக்கே பாதித் தொழில்கள் உதிர்ந்திருக்கும். எனக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த நிறுவன மேலாளர் இரண்டாவது கட்டத்தில் ஐம்பது என்று எழுதினார். சென்ற ஆண்டும் ஐம்பதுதானே எழுதினீர்கள் என்று கேட்டேன். அவர் பேனாவை மூடிக்கொண்டே, “அந்த அம்பது பேரும் போயிட்டாங்களே சார்” என்றார்.