அந்தக் கடைத் திறப்பு விழாவும் ஒரு நடிகையின் முகமும்

இதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாட்களாக இருந்தேன். எழுதினால் நீண்டுவிடும், கசப்பாகவும் இருக்கும் என்பது எனக்கே தெரியும். ஆனால் நேற்றிரவு என் நட்புப் பட்டியலில் இருக்கும் பதினோராவது ஆளும் அந்தக் காணொளியைச் சிரிப்பு முத்திரையோடு பகிர்ந்திருந்ததைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

எந்தக் காணொளி என்று விளக்கப் போவதில்லை. நம் பக்கத்தில் அதைப் பார்க்காதவர் யாரும் இல்லை. ஒரு கடைத் திறப்பு விழாவில் ரிப்பனை வெட்டிவிட்டுத் திரும்பிய அந்த நடிகையிடம் மைக்கை நீட்டி, "முகத்துக்கு என்னங்க பண்ணுனீங்க?" என்று ஒரு பையன் கேட்டான். கூட்டம் விசிலடித்தது. அவர் ஒரு நொடி தடுமாறினார், பிறகு "எல்லாரும் சாப்பிட்டீங்களா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தார். அந்தத் தடுமாறிய ஒரு நொடியைத்தான் நிறுத்தி, பெரிதாக்கி, அவருடைய பழைய படத்து முகத்தோடு பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, ஈரோட்டிலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் சுற்ற விட்டிருக்கிறீர்கள். என் நெருங்கிய உறவினர் ஒருவர் அதன் கீழே "ரப்பர் பொம்மை" என்று எழுதியிருக்கிறார். அவரிடம் கடைசியில் வருகிறேன்.

அவர் முகத்தில் ஊசி போட்டுக்கொண்டாரா, அறுவை சிகிச்சை செய்துகொண்டாரா என்பது எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. செய்துகொண்டிருந்தால், அப்படிச் செய்துகொள்ளும்படி முப்பது ஆண்டுகளாக அவரைக் கேட்டுக்கொண்டே இருந்தவர்கள் நாம்தான். கேட்டதைக் கொடுத்தவரைப் பார்த்துச் சிரிக்க நமக்கு வாய் எப்படி வருகிறது என்பது மட்டுமே என் கேள்வி. வேறு எதை எழுதினாலும் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் முன்பே சாலையோரத்தில் பிளக்ஸ் வைத்தார்களே, அதில் இருந்தது எந்தக் காலத்துப் படம் என்று யாராவது கவனித்தீர்களா? குறைந்தது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முந்தைய படம். காதோரம் சுருள் முடியும் பச்சைத் தாவணியுமாக அவர் திரும்பிப் பார்க்கும் அந்தப் படத்தைப் போட்டுக் கூட்டத்தை அழைத்தார்கள்; கூட்டமும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வந்தது. மேடையேறுகிறவர் அந்தப் படத்தைப் போலவே இருந்தால் "ஊசி" என்கிறீர்கள். இல்லாவிட்டால் "கிழவி ஆயிட்டா" என்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் அவர் எந்த முகத்தோடு வந்து நிற்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நானும் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

நம் தமிழ் சினிமா பெண்ணின் வயதை எப்படிக் கணக்குப் போட்டது என்பதற்கு ஸ்ரீவித்யா ஒருவரே போதும். 1953இல் பிறந்தவர். 1975இல் 'அபூர்வ ராகங்கள்' வந்தபோது அவருக்கு வயது 22. அந்த வயதில் வளர்ந்த மகளுக்குத் தாயாக நடித்தார், அவரைப் பிரிந்துபோன கணவராக ரஜினிகாந்த் வந்தார். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1991இல், 'தளபதி'யில் அதே ரஜினிகாந்துக்கு அவர் தாய். ரஜினிகாந்த் 1950இல் பிறந்தவர், அதாவது மகனைவிடத் தாய்க்கு வயது குறைவு. சுஜாதாவுக்கும் இதேதான் நடந்தது. 1977இல் 'அவர்கள்' படத்தில் ரஜினிகாந்துக்கு மனைவி, 2002இல் 'பாபா'வில் அம்மா. இதையெல்லாம் பார்த்து வளர்ந்த ஒரு நடிகை, முப்பத்தைந்து வயதில் கண்ணாடி முன்னால் நின்று என்ன நினைத்திருப்பார் என்று நமக்குத் தெரியாதாம்!

ஆண்கள் கணக்கு வேறு. 1965இல் 'ஆயிரத்தில் ஒருவன்' வந்தபோது எம்.ஜி.ஆருக்கு 48, ஜெயலலிதாவுக்கு 17. 1973இல், 56 வயதில், அவர் நடித்த படத்தின் பெயரே 'உலகம் சுற்றும் வாலிபன்'. யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என் அப்பா அந்தப் படத்தை ஈரோட்டில் பதினோரு முறை பார்த்தவர், எங்கள் வீட்டுப் பூஜை அறையில் முருகனுக்கு அடுத்த படம் எம்.ஜி.ஆருடையது. அவர் தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் யாரும் கழற்றச் சொன்னதில்லை, சொல்லவும் கூடாது. ரஜினிகாந்த் வழுக்கைத் தலையும் வெள்ளைத் தாடியுமாக வெளியே வருகிறார். அதை எளிமை என்று கொண்டாடுகிறோம், நானும் கொண்டாடியிருக்கிறேன். அந்த எளிமையை வைத்துக்கொள்ளும் வசதியை ஒரு நடிகைக்கு நாம் எப்போது கொடுத்தோம்? ஒரு வெள்ளை முடியோடு விமான நிலையத்தில் பிடிபட்டால் ("பிடிபட்டால்" என்றுதான் தலைப்பே போடுகிறார்கள்) மறுநாள் "அடையாளமே தெரியல" என்று செய்தி வருகிறது.

ஸ்ரீதேவியை நினைத்துக்கொள்கிறேன். 'மூன்று முடிச்சு' வந்த 1976இல் அவருக்கு 13 வயது. அதில் ரஜினிகாந்துக்குச் சிற்றன்னையாகும் பாத்திரம். பதின்மூன்று வயதில் பெரிய பெண்ணாக்கினோம். 2018 பிப்ரவரியில் துபாயில் அவர் இறந்தபோது வயது 54. செய்தி வந்த சூடு ஆறுவதற்குள், அவர் முகத்துக்கு என்னென்ன சிகிச்சை செய்திருப்பார் என்று வாட்ஸ்அப்பில் ஆராய்ச்சிக் கட்டுரைகள் சுற்றின. எனக்கும் மூன்று வந்தன. பிணத்தை ஊருக்குக் கொண்டுவருவதற்கு முன்பே முகத்தை விசாரித்து முடித்துவிட்ட ஊர் இது.

உனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

1999இலிருந்து ஒன்பது ஆண்டுகள் நான் ஓர் உள்ளூர் கேபிள் தொலைக்காட்சியில் நேயர் விருப்பம் நடத்தினேன் என்பது பழைய நண்பர்களுக்குத் தெரியும். கேசட் கடை ஒன்றின் மாடியில் ஓர் அறை, சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட நீலத் துணி, இரண்டு ஹாலஜன் விளக்குகள், அவ்வளவுதான் ஸ்டூடியோ. மின்விசிறி சத்தம் மைக்கில் விழும் என்று அதை நிறுத்திவிடுவார்கள். பேன்கேக் ஒப்பனை பூசிய முகத்தில் வேர்வை கோடு கோடாக இறங்கும். ஒவ்வொரு பாட்டு ஓடும்போதும் டிஷ்யூ காகிதத்தை ஒற்றி, மேலே பவுடர் தட்டி, அடுத்த அழைப்புக்குச் சிரிக்க வேண்டும். "அலோ, சத்தியமங்கலத்துல இருந்து பேசறேனுங்க" என்ற குரல் வந்ததும் வரும் சந்தோஷம் உண்மையானது. பெருந்துறைச் சந்தையில் காய்கறிக்காரம்மா என்னைப் பார்த்துவிட்டு ஒரு கைப்பிடி மல்லித்தழை கூடுதலாகப் போட்டிருக்கிறார்.

முப்பத்தோராவது வயதில் ஒரு நாள் உரிமையாளர் உட்காரச் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார். "அம்மிணி, கொரலு நல்லாத்தானுங்க இருக்குது. மொகந்தான் கொஞ்சம் முத்திப்போச்சு. நீங்க பின்னால இருந்து கொரல் மட்டும் குடுங்களேன்." வெண்டைக்காயைத்தான் அதுவரை அப்படிச் சொல்லக் கேட்டிருந்தேன். எனக்குப் பதில் வந்த பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. எந்தக் கேமராவைப் பார்க்க வேண்டும் என்று நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவள்மீது எனக்கு வருத்தம் இல்லை. என்னோடு சேர்ந்து நிகழ்ச்சி நடத்திய அண்ணனுக்கு அப்போதே நாற்பத்து நான்கு வயது, மீசைக்கு வாரம் ஒரு முறை மை. அந்த அலைவரிசையை மூடும் வரைக்கும் அவர் திரையில் இருந்தார். அவர் முகம் முத்தவே இல்லை.

ஒரு மாடி அறைக்கே இந்தப் பாடு என்றால், கோடிக்கணக்கில் பணம் புரளும் இடத்தில், முகத்தின் ஒவ்வொரு துளையையும் காட்டும் கேமராவுக்கு முன்னால் நிற்கிறவர் பாட்டை நினைத்துப் பாருங்கள்.

"யாரும் கழுத்தைப் பிடித்துச் செய்யச் சொல்லவில்லையே, அவராக விரும்பிச் செய்ததுதானே" என்று இந்நேரம் ஒருவர் தட்டச்சு செய்ய ஆரம்பித்திருப்பார். ஆமாம், யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை. என்னையும் யாரும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளவில்லை. நாற்காலி போட்டு, டீ கொடுத்துத்தான் அனுப்பினார்கள். நடிகைக்கும் அப்படித்தான் நடக்கும் என்று நினைக்கிறேன். "நீங்க வேண்டாம்" என்று ஒருவரும் சொல்ல மாட்டார். தொலைபேசி அழைப்புகள் குறையும், வரும் அழைப்பும் அண்ணி வேடத்துக்காக இருக்கும், பிறகு அம்மா வேடம், பிறகு ஒரு காட்சியில் இறந்துபோய் மாலை போட்ட புகைப்படமாகத் தொங்கும் வேடம். அந்தப் படிக்கட்டில் ஒரு படியை இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட ஊசி உதவும் என்றால் அவர் போட்டுக்கொள்வார். அதை விருப்பம் என்று சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை; விலைவாசி ஏறியதால் அரைக் கிலோ வாங்குவதும் விருப்பம்தானே.

"காசுக்காகச் செய்கிறார்கள்" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். நீங்கள் மில்லுக்குப் போவது எதற்காக?

"ஆண் நடிகர்களும்தான் முடி நட்டுக்கொள்கிறார்கள்." நட்டுக்கொள்ளட்டும். அவர்களிடம் மைக்கை நீட்டி யார் கேட்டார்கள்?

ஒரு மறுப்பு மட்டும் என்னை உறுத்துகிறது, மறைக்க மாட்டேன். சின்னப் பெண்கள் இதைப் பார்த்துக் கெட்டுப்போக மாட்டார்களா என்பது அது. 2022 மே மாதம் பெங்களூரில் சேத்தனா ராஜ் என்ற கன்னடத் தொலைக்காட்சி நடிகை கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் போய் இறந்துபோனார். அவருக்கு வயது 21. கல்லூரிக்குப் போகும் பெண் எனக்கும் இருக்கிறாள். மூக்கைச் சிறிதாக்கிக் காட்டும் பில்டர் இல்லாமல் அவள் ஒரு படமும் எடுப்பதில்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இருபத்தொரு வயதுப் பெண்ணுக்கு உடம்பு பெருத்திருக்கிறது என்று சொன்னது யார்? வயதான நடிகையின் முகத்தைப் பார்த்து விசிலடிக்கும் காணொளியிலிருந்து என் மகள் கற்றுக்கொள்வது "ஊசி போடாதே" என்பதையா, "மாட்டிக்கொள்ளாமல் போடு" என்பதையா? அதற்கு மேல் அந்த மறுப்புக்கு என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்று. பிளாஸ்டிக் சர்ஜரி என்ற சொல்லை வசைச்சொல்லாக்கிவிட்டீர்கள். கோயம்புத்தூரைச் சுற்றி வாழும் நமக்கு அது அடுக்கவே அடுக்காது. பட்டறையில் பிரஸ்ஸுக்குள் விரலை விட்டவனும் மோட்டார் பெல்ட்டில் கையைக் கொடுத்தவனும் இல்லாத தெரு இங்கே உண்டா? துண்டான கையை ஒட்டவைக்கும் நுண் அறுவை சிகிச்சைக்காக கங்கா மருத்துவமனையின் பெயர் நாடு முழுவதும் தெரியும். என் மாமன் மகனுக்குத் துண்டான இரண்டு விரல்களை வேறொரு மருத்துவமனையில் ஒட்டவைத்தார்கள். இன்றைக்கும் அந்த விரல்களால்தான் லேத் ஓட்டுகிறான். தொழில் செய்யும் விரலைக் காப்பாற்றினால் கடவுள் மாதிரி டாக்டர். தொழில் செய்யும் முகத்தைக் காப்பாற்றிக்கொண்டால் ரப்பர் பொம்மை. இரண்டும் ஒன்றா என்று கோபப்படாதீர்கள். ஒன்று இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் விரலை நசுக்கியது இயந்திரம், முகத்தை நசுக்குவது நாம். அந்த வித்தியாசம் நமக்குச் சாதகமாக இல்லை.

"நம் பண்பாட்டில் வயதுக்கு மரியாதை உண்டு" என்று பெருமை பேசாதீர்கள் என்று எழுத வந்தேன், ஆனால் அது முழுப் பொய்யும் இல்லை. போன மாதம் எங்கள் ஊர்க் கோயில் திடலில் வள்ளி கும்மி நடந்தது. எட்டு வயதுக் குழந்தைக்குப் பக்கத்தில் அறுபதைத் தாண்டிய என் பெரியம்மா, ஒரே நிறச் சேலை, ஒரே அடி, மூச்சு வாங்காமல் இரண்டரை மணி நேரம். ஒருவரும் பெரியம்மாவின் முகத்தைப் பற்றிப் பேசவில்லை. "கால் என்ன வீச்சா போடுது பாருங்க" என்றார்கள். ஆக, நமக்கு அப்படிப் பார்க்கத் தெரியும். தெரிந்திருந்தும் அந்த மேடையில் பார்க்கவில்லை.

சரி, உறவினரிடம் வருகிறேன். இதை எழுதலாமா என்று நேற்றிரவு முழுவதும் யோசித்தேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் ஈரோட்டிலிருந்து ரயிலேறிக் கோவையில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். நான் இப்போது எந்தத் திரையிலும் இல்லை, எந்த முதலாளியும் என்னைப் பார்ப்பதில்லை, அப்படியும் போனேன். "கோபப்படுகிற மாதிரி முகத்தை வையுங்கள்" என்றார் மருத்துவர். அது எனக்குச் சுலபம். புருவங்களுக்கு நடுவில் வெள்ளைப் பென்சிலால் ஐந்து புள்ளிகள் வைத்தார், ஐஸ் ஒற்றினார், ஐந்து ஊசிகள். எறும்பு கடிப்பது போல இருந்தது. போட்டாக்ஸ் நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையைத் தடுக்கும், ஒரு வாரத்தில் பிடிக்கும், மூன்று நான்கு மாதத்தில் தானாகப் போய்விடும் என்றார். அப்படியே நடந்தது. இடையில் வந்த மருமகள் கல்யாணத்தின்போது என் நெற்றி இருபது வயது நெற்றியாக இருந்தது.

அந்த மண்டபத்தில், சீர் முடிந்து பந்திக்குப் போகும் வழியில், "என்ன அம்மிணி, நாளுக்கு நாள் எளமையாயிட்டே போறே, என்ன ரகசியம்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டவர் நீங்கள்தான், மாமா. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ராகிக்களி சாப்பிடுகிறேன் என்று சொன்னேன். நீங்கள் பக்கத்தில் இருந்த அத்தையிடம் திரும்பி, "பாரு, நீயும் சாப்புடு" என்றீர்கள்.

"ரப்பர் பொம்மை" இன்னும் அங்கேயே இருக்கிறது, மாமா. நேரம் கிடைக்கும்போது எடுத்துவிடுங்கள்.