புரோஷர்ல 25 டிகிரி, சோழிங்கநல்லூர்ல 40

மத்தியானம் ரெண்டேகால் மணி. சோழிங்கநல்லூர் சிக்னல். மெட்ரோ வேலைக்காக ரோட்டைக் குறுக்கி வச்சிருக்காங்க, மிச்சமிருக்கற இடத்துல நாலு வரிசை வண்டி. மே மாச வெயில். பதினெட்டு நிமிஷமா முதல் கியர், நியூட்ரல், மறுபடி முதல் கியர். ஒரு வழியா பச்சை விழுந்துச்சு. மிதிச்சேன். வண்டி யோசிச்சுச்சு. பந்திக்குக் கூப்பிட்டா "நீங்க உக்காருங்க, நான் அடுத்ததுல வர்றேன்"னு அசையாம இருக்கற பெரியப்பா மாதிரி யோசிச்சுச்சு. பின்னாடி பஸ் டிரைவர் ஹாரன்ல வச்ச கையை எடுக்கவே இல்ல. எட்டுப் பேரை ஏத்திக்கிட்டு ஒரு ஷேர் ஆட்டோ என்னை ஓவர்டேக் பண்ணிப் போகுது. டர்போ வண்டிங்க இது! டிக்கில வெள்ளி எழுத்துல அப்படித்தான் ஒட்டியிருக்கு.

இதே வண்டிய ஞாயித்துக்கிழமை விடிகாலை அஞ்சு மணிக்கு ஈசிஆர்ல எடுத்துட்டுப் போங்க. லேசா மிதிச்சாலே முதுகு சீட்ல ஒட்டும். மகாபலிபுரம் வர்றதே தெரியாது. அதே இஞ்சின், அதே பெட்ரோல், அதே நான்.

சர்வீஸ் சென்டர்ல சொன்னேன். அட்வைசர் தம்பி சிரிச்ச முகமா ஜாப் கார்டுல எழுதிக்கிட்டார்: "பிக்கப் குறைவு". ராத்திரி முழுக்க ஷெட்ல நிழல்ல நின்ன வண்டிய, காலைல ஒன்பது மணிக்கு ஆளில்லாத சர்வீஸ் ரோட்ல ரெண்டு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு, "ஸ்கேனர்ல ஒரு எரரும் வரலை சார், வண்டி நார்மல்"னு சாவியக் குடுத்தாங்க. கூடவே இன்ஜெக்டர் கிளீனிங்னு ஒரு பில்லு, 3,200 ரூபா. நார்மலா இருக்கற வண்டிக்கு எதுக்குப்பா கிளீனிங்? காய்ச்சல்னு போனவனுக்குக் காது குடைஞ்சு விட்டு அனுப்பற வைத்தியம் இது.

வயித்தெரிச்சல் தாங்காம, வண்டியோட கம்ப்யூட்டர் சொல்றதைப் படிக்கற ஓபிடி டாங்கிள்னு ஒரு சின்னக் கருவி வாங்கி ஸ்டீயரிங்குக்குக் கீழ சொருகினேன். புளூடூத்ல போனுக்கு வந்துடும். உள்ள போற காத்தோட சூடு எவ்வளவுன்னு அதுல ஒரு நம்பர் வரும். காலைல ஈசிஆர்ல 38. சோழிங்கநல்லூர் சிக்னல்ல நிக்க நிக்க 56, 61, 66... கண்ணு முன்னாடி ஏறுது. பச்சை விழறப்போ 70. அங்க புரிஞ்சுது பெரியப்பா ஏன் எழுந்திருக்கலைன்னு.

சைக்கிளுக்குக் காத்தடிக்கறப்போ பம்போட அடிப்பாகம் கையைச் சுடும் இல்ல? காத்தை அமுக்கி இஞ்சினுக்குள்ள திணிக்கற டர்போ அந்த வேலையத்தான் நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்திப் பண்ணுது. 40 டிகிரி வெளிக்காத்தை ரெண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினா 130 டிகிரிகிட்டப் போயிடும். அதை ஆத்தறதுக்குத்தான் முன்னாடி பம்பருக்குள்ள இன்டர்கூலர்னு ஒரு அலுமினியச் சட்டம். காத்து பட்டாத்தான் அது வேலை செய்யும். சிக்னல்ல எங்கேருந்து வரும் காத்து? முன்னாடி நிக்கற லாரியோட புகையும், என் ஏசி கன்டென்சர் கக்கற அனலும்தான் வரும். இன்டர்கூலரே தோசைக்கல்லு மாதிரி காய்ஞ்சு கிடக்கும்.

காத்து சூடாச்சுன்னா விரியும். ஒரே அழுத்தத்துல 30 டிகிரிக்கும் 70 டிகிரிக்கும் நடுவுல சிலிண்டருக்குள்ள போற காத்து 12 சதவீதம் குறைஞ்சு போகுது. அதோட விட்டா பரவாயில்ல. சூடான பெட்ரோல்-காத்துக் கலவை, ஸ்பார்க் மூட்டின தீ வந்து சேர்றதுக்குள்ள தானாவே அங்கங்க பத்திக்கப் பாக்கும். நாக்கிங். விட்டா பிஸ்டனையே தின்னுடும். அதனால ஈசியு, அதான் இஞ்சினோட கம்ப்யூட்டர், பயந்துக்கிட்டு ஸ்பார்க்கைத் தள்ளிப் போடும், பூஸ்ட்டையும், அதாவது டர்போ குடுக்கற அழுத்தத்தையும், குறைக்கும். நான் மிதிக்க மிதிக்க அது "வேணாம்ணே, வேணாம்ணே"ன்னு பிரேக் போடுது. வண்டி தன் உயிரைக் காப்பாத்திக்குது, சரி. அதை வாயைத் தொறந்து ஒரு மனுஷன் எனக்குச் சொல்லியிருக்கலாம் இல்ல?

இவங்களுக்குத் தெரியாததா என்ன? 1962லயே அமெரிக்காவுல ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர்னு ஒரு டர்போ கார் வந்துச்சு. நாக்கிங் வராம இருக்க தண்ணியும் மெத்தனாலும் கலந்து இஞ்சினுக்குள்ள தெளிக்கறதுக்குன்னே அதுல தனி டேங்க். டேங்க் காலியானா பூஸ்ட் கட். அறுபது வருஷத்துக்கும் மேல தெரிஞ்ச சமாச்சாரம் இது. ஆனா இன்னிக்கும் எஸ்ஏஇங்கற வண்டி இஞ்சினியர் சங்கத்தோட விதிப்படி இஞ்சின் பவரைச் சொல்றப்போ 25 டிகிரி காத்துக்குக் கணக்குப் பண்ணித்தான் சொல்வாங்க. சென்னைல 25 டிகிரி! மார்கழில கோலம் போடற நேரத்துக்கு வந்து டெலிவரி எடுத்துக்கணும் போல.

இதுக்கு நடுவுல ஆலோசனை சொல்றவங்க தனி. "கோன் ஃபில்டர் போடு மச்சி, சும்மா பிச்சுக்கும்"னு ஆக்சஸரீஸ் கடைக்காரன். பானெட்டுக்குள்ள மூடியில்லாம நிக்கற ஃபில்டர் எந்தக் காத்தை உறிஞ்சும்? ரேடியேட்டரும் எக்ஸாஸ்டும் காய்ச்சி வச்ச காத்தைத்தான். சத்தம் மட்டும் ரேஸ் கார் மாதிரி வரும், அதுக்குத்தான் காசு.

கடைசில நானே போன வாரம் பானெட்டைத் தூக்கிட்டு டார்ச் அடிச்சுப் பாத்தேன். முன்கிரில்லேருந்து ஏர் பில்டர் பெட்டிக்கு ஒரு கறுப்பு பிளாஸ்டிக் குழாய் வரும். வெளிக்காத்து வர்ற வழியே அதுதான். அது பெட்டி வாயில உக்காரவே இல்ல! ரெண்டு விரல் நுழையற இடைவெளி. கிளிப் கழண்டு கீழ அண்டர்கவர்ல கிடக்குது. போன சர்வீஸ்ல ஃபில்டர் மாத்தினவங்க மாட்டாம விட்ட கிளிப். மூணு மாசமா என் வண்டி இஞ்சின் அறையோட அனலைத்தான் மூச்சா இழுத்துக்கிட்டு இருந்திருக்கு. 3,200 ரூபா கிளீனிங் பண்ணினப்போ அதே பானெட்டைத்தானே தொறந்தாங்க? கண்ணு எங்க இருந்துச்சு?

"டப்"புனு ஒரு அமுக்கு. மாட்டிக்கிச்சு. மறுநாள் அதே சிக்னல், அதே நேரம், அதே வெயில்: 58. பழையபடி பறக்குதுன்னு சொல்ல மாட்டேன், 58ம் சூடுதான். ஆனா ஷேர் ஆட்டோ பின்னாடி இருக்கு.

நேத்து அந்த அட்வைசர் தம்பி போன் பண்ணினார். கம்பெனிலேருந்து கால் வருமாம், சர்வீஸுக்குப் பத்துக்குப் பத்து போடணுமாம். மத்தியானம் ரெண்டேகாலுக்கு சோழிங்கநல்லூர் சிக்னலுக்கு வாங்க தம்பி, வண்டில பக்கத்துல உக்காருங்க, அங்க வச்சு மார்க் போடறேன்னு சொல்லியிருக்கேன்.