ப்ராஜெக்ட்டுக்கு ஒரு தேதி போதாது

சென்னை ராயபுரத்தில், கல்மண்டபம் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கியிருப்பேன், கீழே நாலு ஜோடி ஹவாய் செருப்பு வந்து நிற்கும். "ணா, நாளைக்குக் காலைல சப்மிட் பண்ணணும்ணா." கையில் அம்மாவின் போன், அதில் விக்கிபீடியா. பதினைந்து பக்கம், ஸ்பைரல் பைண்டிங், முன்னட்டை மட்டும் கலர்.

ஒரு பையன் ராயபுரம் ரயில் நிலையத்தைப் பற்றிக் கொண்டுவந்தான். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய இடம். அவன் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். ஏழாம் பக்கத்தில் 'மேற்கோள் தேவை' என்று விக்கிபீடியா போட்ட குறிப்புகூட அப்படியே பிரிண்ட் ஆகியிருந்தது. ஸ்டேஷனைப் போய்ப் பார்த்தியா என்று கேட்டேன். "டைம் இல்லணா." எப்போ கொடுத்தாங்க? "ஜூன்லயே."

பையனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஜூனில் தலைப்பு, செப்டம்பரில் தேதி. நடுவில் யாரும் எதுவும் கேட்கவில்லை என்றால் பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு அது மூன்று மாத லீவுதான். எனக்கும் அப்படித்தான், ஜிஎஸ்டி கணக்கைக் கடைசி நாளில்தான் தொடுகிறேன்.

இதே கடைக்கு வருகிற இன்னொரு பெண், பதினோராம் வகுப்பு. அவளுடைய டீச்சர் மே லீவுக்கு முன்பே தலைப்பைச் சொல்லி, மூன்று தேதியும் கொடுத்துவிட்டார்: ஆட்களிடம் கேட்கப்போகிற கேள்விகளுக்கு ஒன்று, கையெழுத்துப் பிரதிக்கு ஒன்று, கடைசியாக பைண்டிங்குக்கு ஒன்று. அவள் எடுத்தது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாட்களில் காசிமேட்டில் படகுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள், வலை பின்னுவார்கள், இன்ஜினைப் பிரித்துப் போட்டிருப்பார்கள். பேச ஆள் கிடைக்கும். ஜூன் 15க்கு அப்புறம் போயிருந்தால் ஒருத்தரும் நின்று பதில் சொல்லியிருக்க மாட்டார்.

ஜூலையில் கையால் எழுதியதை ஒரு காப்பி எடுத்துப் போய்ப் படகு வேலை பார்க்கும் பெரியப்பாவிடம் கொடுத்தாள். திரும்பி வந்த தாளின் ஓரத்தில் டீசல் கறை, நடுவில் '45 நாள்' என்பதைச் சுற்றிப் பெரிய வட்டம். ஏதோ பழைய கட்டுரையில் பார்த்து எழுதியிருக்கிறாள். 2017இலிருந்து அது 61 நாள். தடைக்காலத்தில் வீட்டில் உட்கார்ந்திருக்கும் மனுஷனுக்கு அந்தக் கணக்கு தப்புமா? கடைசி ராத்திரி எழுதியிருந்தால் 45 அப்படியே பைண்டிங்குக்குள் போயிருக்கும்.

சிபிஎஸ்இ 12ஆம் வகுப்பு வரலாற்றில் ப்ராஜெக்ட்டுக்கு 20 மதிப்பெண். தலைப்பு, திட்டம், தகவல் சேகரிப்பு, வைவா என்கிற வாய்மொழித் தேர்வு என்று வருஷம் முழுக்கப் படிப்படியாகச் செய்ய வேண்டிய வேலை அது. அதையும் ஜனவரியில் ஒரே ராத்திரியில் முடிக்க வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

என் வீட்டில் நான் செய்தது சின்ன விஷயம். தினசரி காலண்டரில் வேண்டிய தேதிகளைத் தேடிப் பிடித்து, அந்தத் தாளிலேயே பையனை எழுதச் சொன்னேன். ஒரு நாள் காலையில் தாளைக் கிழித்தால், ராகு காலத்துக்குக் கீழே 'தாத்தாவிடம் டிராம் பற்றிக் கேட்கணும்' என்று நிற்கிறது. இரண்டு முறை ஏமாற்றினான், நாலு நாள் தள்ளிப் போட்டு எழுதினான். சரி, தள்ளியாவது எழுதினானே.

"ஐம்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் மூன்று தடவை யார் திருத்துவது?" என்று ஒரு ஆசிரியர் என்னிடமே கேட்டார். நியாயமான கேள்விதான். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம் சார். பிள்ளை கேள்விகளை எழுதிவந்த தாளில் ஒரு கையெழுத்து, முதல் பிரதியில் ஒரே ஒரு பக்கம், மிச்சத்தைப் பக்கத்து பெஞ்ச் பிள்ளை படிக்கட்டும். கடைசியில் ஐம்பது விக்கிபீடியாவைப் புரட்டுவதை விட இதில் வேலை குறைவு என்றுதான் எனக்குப் படுகிறது.

கடைசி ராத்திரிக் கூட்டம்தான் எனக்கு நல்ல வியாபாரம். என் பொழப்பில் நானே மண்ணள்ளிப் போட்டுக்கொள்கிறேன் என்று வீட்டில் சிரிக்கிறார்கள். பரவாயில்லை. இந்தப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் யாராவது மூன்று தேதியையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள், வகுப்பு முழுக்க நான் ஜெராக்ஸ் போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம். கலர் மட்டும் கேட்காதீர்கள்.