"நீங்க எந்தக் கட்சி?"

போன மழைக்கு முன்னால் எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் வேலை நடந்தது. அங்கே நின்ற சூப்பர்வைசரிடம், "அண்ணா, எவ்ளோ எஸ்டிமேட்? எத்தனை அடி ஆழம் எடுக்கணும்?" என்று கேட்டேன். பதிலே சொல்லவில்லை. "ஏம்மா, நீங்க எந்தக் கட்சி?" என்றார்.

சாயங்காலம் எங்கள் தெருப் பெரியவர் ஒருவரும் அதையேதான் கேட்டார். அவர் கேட்டது அக்கறையில். "உனக்கு எதுக்கு கண்ணு வம்பு?" என்றார். சூப்பர்வைசர் கேட்டதைவிட இதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது. கணக்குக் கேட்கிறவள் யாரோ ஒருவருக்கு எதிரியாகத்தான் இருப்பாள் என்று நாமே நம்ப ஆரம்பித்துவிட்டோம்.

ஆர்.டி.ஐ., அதாவது தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தரவேண்டும். நான் கேட்டது எம்-புக் நகல் மட்டும்தான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நடந்த வேலையின் நீளம், அகலம், ஆழத்தைப் பொறியாளர் அளந்து ஒரு புத்தகத்தில் எழுதுவார். அந்த அளவை வைத்துத்தான் ஒப்பந்ததாரருக்கு பில் பாஸ் ஆகும். அந்தப் பக்கம் நம் கையில் இருந்தால், டேப் பிடிக்கத் தெரிந்த யாரும் சரிபார்த்துவிடலாம். நடக்கிற வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளில் மாதிரி எடுக்கவும்கூட 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் நமக்கு உரிமை இருக்கிறது.

நகல் வந்தது. பக்கத்து வீட்டுக் கொத்தனார் அண்ணன் டேப்போடு வந்தார். மூடி திறக்கிற மூன்று இடத்தில் அளந்தோம். இரண்டு இடத்தில் எழுதியது எழுதியபடியே இருந்தது. மூன்றாவதில் அரை அடி குறைந்தது. உள்ளே கைவிட்டுப் பார்த்தால் வேலை முடிந்தபோது அள்ளாமல் விட்ட ஜல்லியும் மண்ணும். மனு கொடுத்தோம், வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான் விஷயம். இந்த அளவை முதல் நாளே தெருமுனையில் பலகையில் எழுதி வைத்திருந்தால் அந்தப் பொறியாளரைத் தெருவே திருடன் மாதிரி பார்த்திருக்காது. ஒழுங்காக வேலை செய்கிறவருக்கும் சேர்த்துத்தான் இந்த மூடிவைக்கிற பழக்கம் கெட்ட பேர் வாங்கித் தருகிறது.

இது சின்னப் பணமும் இல்லை. சென்னையில் கொசஸ்தலையாறு வடிநிலப் பகுதிக்கு மட்டும் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோடு 3,220 கோடி ரூபாய்க்கு வடிகால் திட்டம். திருவொற்றியூர், மணலி, மாதவரம் எல்லாம் அதில் வருகிறது. கடனை அடைக்கப்போவது நாம்தான்.

கிராமத்தில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கிராம சபை கூடி வரவு செலவை வாசிப்பார்கள். கடப்பாக்கம், சடையங்குப்பம், வடபெரும்பாக்கம் மக்களுக்கும் 2011 வரை அந்த உரிமை இருந்தது. சென்னை மாநகராட்சியோடு சேர்த்ததும் அது போனது. 2016 அக்டோபரிலிருந்து 2022 வரை சென்னைக்குக் கவுன்சிலரே கிடையாது, அதிகாரி ஆட்சிதான். யாரிடம் போய்க் கேட்பது? 2022-இல் வார்டு குழுவுக்கும், வார்டைப் பகுதிகளாகப் பிரித்து மக்களைக் கூட்டுகிற பகுதி சபைக்கும் விதிகள் வந்தன. நான் போன பகுதி சபையில் இருபது பேர்கூட இல்லை. வந்தவர்களும் குப்பை வண்டி, தெருவிளக்கு பற்றித்தான் பேசினார்கள். செலவுக் கணக்கை யாரும் கேட்கவில்லை, அன்றைக்கு நானும் கேட்கவில்லை.

கேட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2024 அக்டோபர் கடைசியில் 9 கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் கொடுக்க மாநகராட்சி மன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். ஆடுகிறவர் ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய். வியாசர்பாடியில் செருப்பில்லாமல் பந்து பழகிய பிள்ளை எங்கே போவான்? எதிர்ப்பு வலுத்ததும் ஓரிரு நாளில் அதைத் திரும்பப் பெற்றார்கள். எதிர்த்தவர்களால் நகரம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மைதானம்தான் மிஞ்சியது.

அடுத்த தெருவில் நேற்று பள்ளம் தோண்ட ஆரம்பித்திருக்கிறார்கள். பலகை இன்னும் வைக்கவில்லை. எஸ்டிமேட் தொகை, நீள அகல ஆழம், ஒப்பந்ததாரர் பேர், முடிக்கவேண்டிய தேதி நான்கையும் எழுதி வைக்கச் சொல்லி மனு தயார் செய்திருக்கிறேன். கையெழுத்துப் போட நினைக்கிற தெருக்காரர்கள் ஞாயிறு காலை வீட்டுக்கு வாங்க. எந்தக் கட்சியாக இருந்தாலும் வாங்க. கொத்தனார் அண்ணனும் டேப்போடு இருப்பார்.