கையெழுத்து வாங்கினால் கை கழுவிவிடலாமா?

நம் வேலூர்ப் பகுதிக் கோடை விளையாட்டுப் பயிற்சி முகாமில் கோல் போஸ்ட் சாய்ந்து ஒரு பிள்ளையின் கை முறிந்தது எல்லோருக்கும் தெரியும். அதனால் அதை மறுபடி விவரிக்கவில்லை. முகாம் நடத்துபவர் நேற்று நம் இணையக் குழுவில் போட்ட பதில்தான் என்னைத் தூங்கவிடவில்லை. "விபத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று பெற்றோரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். விளையாட்டில் அடிபடுவது சகஜம்." இதற்குக் கீழே கைதட்டல் படங்கள் வேறு.

ஓடும்போது கால் பிசகினால் அது விளையாட்டில் சகஜம். தரையோடு பிணைக்காமல் நிறுத்தி வைத்த இரும்பு கோல் போஸ்ட் சாய்ந்து பத்து வயதுப் பிள்ளையின் கை முறிவது சகஜம் அல்ல, கவனக்குறைவு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசாதீர்கள். கையெழுத்து காப்பீடு ஆகாது. மேஜர் ஆகாத பிள்ளையை ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ளவராக 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமே ஏற்பதில்லை. அப்படியிருக்க, அப்பா அவசரத்தில் போட்ட கையெழுத்தைக் காட்டி எல்லாப் பொறுப்பையும் உதறிவிட முடியும் என்று உங்களுக்குச் சொன்னது யார்?

"அரசுக் காப்பீடு இருக்கிறதே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீட்டில் 18 வயது நிரம்பியவர்தான் சேர முடியும். முகாமுக்கு வருகிற பிள்ளை அதில் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருமான வரம்பு உண்டு, பட்டியலிட்ட சிகிச்சைகள் உண்டு. வீட்டில் எடுத்த மருத்துவக் காப்பீடோ, பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தரும். மாவுக்கட்டுப் போட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பினால் செலவு நம் பையிலிருந்துதான்.

முகாம் நடத்துபவர் எடுக்க வேண்டியது குழு விபத்துக் காப்பீடு. பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைக் கொடுத்து, முகாம் நடக்கும் நாட்களுக்கு எடுப்பது. அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெறும் விபத்துக் காப்பீடு உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான் பணம் தரும். எலும்பு முறிவுக்கான சிகிச்சைச் செலவு வேண்டுமென்றால் மருத்துவச் செலவுப் பிரிவையும் கேட்டுச் சேர்க்க வேண்டும். "பாலிசி இருக்கிறது" என்று சொல்லும் பல இடங்களில் இந்தப் பிரிவு இருக்காது. நிர்வாகத்தின் தவறால் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டு இழப்பீடு கேட்டால், அதற்குப் பொறுப்புக் காப்பீடு என்று தனியாக ஒன்று உண்டு. அது நடத்துபவரையே காப்பாற்றுவது. அதைக்கூட எடுக்க மனம் வரவில்லை.

என் அண்ணன் அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் ஒரு திருவிழாக் கபடிப் போட்டியில் முழங்கால் ஜவ்வு கிழிந்து விழுந்தார். விழாக் குழுவினர் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிவந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதோடு சரி. அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது, மீளவில்லை. அண்ணன் இன்றும் படி இறங்கக் கைப்பிடியைத் தேடுகிறார். நான் ஏன் இதைப் பேசுகிறேன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். என்னை "விளையாட்டுக்கு எதிரி" என்று எழுதியவர், கபடிக் கோட்டுக்கு வெளியே நின்று நாங்கள் போட்ட கூச்சலைக் கேட்டதில்லை.

"கட்டணம் ஏறும், ஏழைப் பிள்ளைகள் வரமாட்டார்கள்" என்பது நியாயமான கவலை. அதை நான் ஒதுக்கவில்லை. ஆனால் கை முறிந்தால் கடன் வாங்க வேண்டியவர்களும் அந்த ஏழைப் பெற்றோர்தானே? டி-ஷர்ட்டும் மெடலும் அச்சடிக்கப் பணம் இருக்கிறது. ஒரு டி-ஷர்ட்டைக் குறைத்துக்கொண்டு பிரீமியத்தைக் கட்டுங்கள்.

"அந்தக் காலத்தில் கோட்டை மைதானத்தில் நாங்கள் விழாமலா இருந்தோம்" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அன்று யாரும் உங்களிடம் கட்டணம் வாங்கவில்லை.

காப்பீடு கடைசி அரண்தான், விபத்தைத் தடுப்பதே முதல் வேலை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2018இல் கோவையில் ஒரு கல்லூரியில் பேரிடர்ப் பயிற்சியின்போது மாடியிலிருந்து குதிக்க வைக்கப்பட்ட மாணவி இறந்தார். எந்தப் பாலிசி அந்த வீட்டை ஆற்றும்? கம்பத்தைப் பிணைத்தீர்களா, வேலூர் மே மாத வெயிலில் பதினொரு மணிக்கு ஓட விடாமல் இருந்தீர்களா, முதலுதவி தெரிந்தவர் இருக்கிறாரா, 108 வரும்வரை என்ன செய்வது என்று யாருக்காவது தெரியுமா? இவற்றுக்கெல்லாம் பணமே வேண்டாம்.

நம் சத்துவாச்சாரிப் பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014இலும் 2018இலும் காமன்வெல்த் தங்கம் வாங்கியபோது ஊரே கொண்டாடியது. இரண்டாவது தங்கத்துக்கு முன் தொடைக் காயத்தோடு அவர் பட்ட பாட்டை எத்தனை பேர் நினைத்துப் பார்த்தோம்? தங்கம் வந்தால் நம் ஊர்ப் பிள்ளை, காயம் பட்டால் அவர்கள் வீட்டுப் பிள்ளை. இந்த மனநிலைதான் என் வயிற்றை எரிக்கிறது.

குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கம் பெண் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்ப ஒரு அம்மா வீட்டில் எத்தனை பேரோடு வாதாட வேண்டும் தெரியுமா? அந்தப் பிள்ளைக்கு ஒரு எலும்பு முறிந்து, நடத்துபவர் கையெழுத்தைக் காட்டினால், பிறகு அந்தத் தெருவிலிருந்து எந்தப் பெண்ணும் விளையாட வரமாட்டாள். அந்த அம்மாவை "நான் அப்போதே சொன்னேன்" என்று வாழ்நாள் முழுவதும் குத்திக்காட்டுவார்கள்.

பெற்றோரே, அடுத்த முகாமுக்குப் பணம் கட்டும்முன் பாலிசியின் நகலைக் கேளுங்கள். அதில் உங்கள் பிள்ளையின் பெயர் இருக்கிறதா, மருத்துவச் செலவு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். காட்ட மறுத்தால் பணத்தைக் கட்டாதீர்கள்.