அக்கா, தங்கை, பேஸ்பால், கூடவே சந்தேகம்

1950களின் அமெரிக்காவில் நடந்த கம்யூனிஸ்ட் வேட்டையைப் பற்றிய கதை என்றாலே ஒரு விசாரணை அறை, நீள மேஜை, மைக், வியர்க்கும் ஓர் ஆண். எனக்கு அலுத்துவிட்டது. யாராவது பேஸ்பால் ஆடிய அக்கா தங்கையை வைத்து எழுதுங்களேன்.

1943-இல் ஆட்டக்காரர்கள் போருக்குப் போய்க்கொண்டிருந்தபோது, சூயிங் கம் முதலாளி பிலிப் ரிக்லி பெண்களுக்கென்று ஒரு தொழில்முறை லீக் தொடங்கினார். 1954 வரை நடந்தது. 600-க்கும் மேற்பட்டவர்கள் ஆடினார்கள். வான்கூவரிலிருந்து வந்த மார்ஜ், ஹெலன் கேலகன் நிஜமாகவே அக்கா தங்கை. 1945-இல் பேட்டிங்கில் ஹெலன்தான் முதலிடம்.

ஆடுவது குட்டைப் பாவாடையில். மண்ணில் சறுக்கி, பேஸ் என்ற இலக்கைத் தொட்டால் தொடைத் தோல் உரிந்துவிடும். அந்த எரிச்சலிலும் உதட்டுச் சாயம் கலையக் கூடாது. முடியை ஒட்ட வெட்டக் கூடாது, வெளியே பேண்ட் போடக் கூடாது. யாரோடு போகிறார்கள், எப்போது திரும்புகிறார்கள் என்று பார்க்க அணிக்கு ஒரு பெண்மணி. அரசாங்கம் உளவு பார்க்க வருவதற்கு முன்பே இந்தப் பெண்களுக்கு வேவு பழகிப்போயிருந்தது என்பேன்.

(கறுப்பினப் பெண்களை லீக் சேர்க்கவே இல்லை. டோனி ஸ்டோன் என்ற கறுப்பினப் பெண் 1953-இல், கறுப்பினத்தவருக்கென்று இருந்த நீக்ரோ லீக்கில் ஆண்களோடு ஆடினார். அது தனி நாவல்.)

லீக்கின் ரசீன் அணி விஸ்கான்சின் மாநிலத்து அணி. 1946-இல் கோப்பை அதற்குத்தான். அதே ஆண்டு அந்த மாநிலம் செனட்டுக்கு அனுப்பிய ஆள் யார் தெரியுமா? பின்னால் கம்யூனிஸ்ட் வேட்டையின் முகமாகவே ஆன ஜோசப் மெக்கார்த்தி! 1953-இல் சின்சினாட்டி ரெட்ஸ் என்ற ஆண்கள் அணி, பெயரில் சிவப்பு இருக்கிறதே என்று பயந்து 'ரெட்லெக்ஸ்' ஆனது. கால் மட்டும் சிவப்பாக இருந்தால் பரவாயில்லை போல.

சிரித்துவிட்டு அதே 1953-இன் ஜூன் மாதத்தையும் பாருங்கள். உளவு வழக்கில் ரோசன்பர்க் தம்பதிக்கு மின்சார நாற்காலி. அந்தத் தம்பதியில் மனைவியான எதெலுக்கு எதிராகச் சாட்சி சொன்னது கூடப்பிறந்த தம்பி. தன் மனைவியைக் காப்பாற்றப் பொய் சொன்னதாகப் பல ஆண்டுகள் கழித்து அவரே ஒப்புக்கொண்டார்.

என் மனதில் இருக்கும் கதையில் அக்கா பந்தை எறியும் பிட்ச்சர், தங்கை அதைப் பிடிக்கும் கேட்ச்சர். எந்தப் பந்து வேண்டும் என்று தங்கை விரலால் ரகசியமாகக் காட்டுவாள். பிடிக்காவிட்டால் அக்கா தலையை ஆட்டி மறுப்பாள். லீக் முடிந்த பிறகு ஒருநாள், தங்கையின் சமையலறையில் தொப்பி வைத்த ஒருவர் உட்கார்ந்து, "உங்கள் அக்கா எந்தக் கூட்டத்துக்கெல்லாம் போவார்?" என்று கேட்கிறார். வாசலில் அக்கா நிற்கிறாள். தங்கையின் விரல்கள் மேஜைக்கு அடியில் இருக்கின்றன.